மஞ்சள் பையில் இருந்த தாள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 38 வயது, மனைவிக்கு 34. திருமணமாகி ஏழு ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. சென்ற மாதம் எடுத்த ஸ்கேனில் மனைவியின் இடது கருக்குழாயில் நீர் கோத்திருப்பது தெரியவந்தது. சோதனைக் குழாய் சிகிச்சைக்கு முன்னால் அந்தக் கருக்குழாயை, வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம் எடுத்துவிட வேண்டும் என்கிறார் மருத்துவர். பிள்ளை வேண்டும் என்று போனவர்களிடம் குழாயை எடுக்கச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று அம்மா கேட்கிறார். இது மருத்துவமனையின் வணிகமோ என்ற ஐயம் எனக்கும் உண்டு. எடுத்தால் மாதவிலக்கு நின்றுவிடுமா? ஜோதிடர் தை வரை பொறுக்கச் சொல்கிறார். இந்த அறுவை சிகிச்சை உண்மையிலேயே தேவையா?

கே., திண்டுக்கல்

அன்புள்ள கே.,

நான் மருத்துவன் அல்லன். ஆயினும் பதில் எழுதுகிறேன். சென்ற மாதம் அக்காவின் வீட்டை ஒழித்துக்கொடுக்கப் போனபோது ஒரு பழைய மஞ்சள் பை மறுபடியும் கைக்கு வந்தது, அன்று முதல் இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முதலில் நீங்கள் கேட்டது. ஸ்கேனிலேயே தெரியும் அளவுக்கு நீர் கோத்த குழாய் வெறுமனே அடைபட்ட குழாய் அன்று. தேங்கிய நீர் கருப்பைக்குள் கசிந்து, அங்கே வைக்கப்படும் கரு ஒட்டி வளர்வதைக் கெடுக்கிறது. அதை அப்படியே விட்டுவிட்டுச் செய்யும் சோதனைக் குழாய் சிகிச்சையில் வாய்ப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது. குழாயை எடுத்தாலோ, கருப்பையை ஒட்டிய முனையில் கிளிப் போட்டு அடைத்தாலோ வாய்ப்பு கூடுகிறது. ஆகவே உங்கள் மருத்துவர் சொன்னதில் வணிகம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. முட்டையைச் சினைப்பையிலிருந்து ஊசியால் எடுத்து, கருவை நேரே கருப்பையில் வைக்கும் இந்த முறைக்குக் குழாயே தேவையில்லை. 1978-இல் இங்கிலாந்தில் இம்முறையில் முதலில் பிறந்த லூயிஸ் பிரவுனின் தாய்க்கும் குழாய்கள் அடைபட்டிருந்தன. இதை அம்மாவிடம் சொல்லுங்கள். மாதவிலக்கு நிற்காது. ஜோதிடரைப் பற்றிய வரியை நான் வாசிக்கவில்லை.

இனி எனக்குச் சொல்ல வேண்டியது. உங்கள் கடிதத்தில் மருத்துவர் பேசுகிறார், அம்மா பேசுகிறார், ஜோதிடர்கூடப் பேசுகிறார். வயிற்றில் துளையிட்டுக்கொள்ளப் போகிறவர் என்ன நினைக்கிறார் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. படித்தவர் எழுதும் கடிதமா இது?

கோபத்தில் பாதி என்மீதுதான். 1996-இல் அக்காவுக்குக் கரு குழாயிலேயே தங்கி, குழாய் வெடித்து, வயிற்றுக்குள் இரத்தம் நிறைந்துவிட்டது. மாமா துபாயில் இருந்தார். அக்கா ஸ்ட்ரெச்சரில் நினைவோடுதான் கிடந்தார். தாளை என்னிடம் நீட்டினார்கள், நான் கையெழுத்திட்டேன். வெடித்த குழாயை எடுத்தது சரி, எடுக்காவிட்டால் அன்றே அக்கா போயிருப்பார். ஆனால் எதை எடுத்தார்கள், எது மிச்சமிருக்கிறது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. "எல்லாத்தையும் எடுத்துட்டாங்க" என்று அம்மா உறவுக்காரர்களிடம் அழுதார், அதுவே முடிவாயிற்று. அதன்பின் வளைகாப்பு வீடுகளில் அக்கா சந்தனம் பூசும் வரிசையில் நிற்கவே மாட்டார். நேரே பின்கட்டுக்குப் போய் அப்பளம் பொரித்துக்கொண்டிருப்பார். 2002-இல் மாமாவின் பாஸ்போர்ட்டைத் தேடிப் பீரோவைக் குடைந்தபோது மஞ்சள் பைக்குள் அந்த டிஸ்சார்ஜ் தாள் இருந்தது. வலது குழாய் அகற்றப்பட்டது, இடது குழாயும் இரண்டு சினைப்பைகளும் இயல்பாக உள்ளன என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. அதை நான்தான் 1996-இல் வாங்கிப் பைக்குள் வைத்தவன். நான் அப்போது ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். வாசித்துச் சொன்னபோது அக்கா கேட்டது இவ்வளவுதான்: "ஒண்ணுதானா எடுத்தாங்க?"

அவருக்குக் குழந்தை பிறக்கவில்லை. முன்பே படித்திருந்தால் பிறந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. ஆறு வருடம் அப்பளம் பொரித்திருக்க வேண்டியதில்லை என்று என்னால் சொல்ல முடியும்.

டெல்லி வழக்கு ஒன்றில் 2008-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை உங்களைப் போன்ற கணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மணமாகாத 44 வயதுப் பெண் ஒருவர் 1995-இல் லேப்ராஸ்கோப்பிக்கு ஒப்புதல் தந்து மயக்கத்தில் இருந்தபோது, வெளியே காத்திருந்த தாயிடம் ஒப்புதல் வாங்கி, கருப்பை, சினைப்பைகள், குழாய்கள் அனைத்தையும் எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, கண் விழித்ததும் தானே முடிவெடுக்கக்கூடிய ஒருவருக்காகத் தாய் தந்த ஒப்புதல் செல்லாது என்றது நீதிமன்றம். நோயாளியின் நன்மைக்காகவே செய்தோம், இன்னொரு அறுவையின் செலவும் வலியும் மிச்சம் என்ற வாதத்தையும் ஏற்கவில்லை. இழப்பீடு 25,000 ரூபாய். (தொகையைப் பற்றி எனக்கு வேறு கருத்து உண்டு.) பெற்ற தாய்க்கே இல்லாத உரிமை மாமியாருக்கு எங்கிருந்து வரும்? உங்களுக்கும்தான்.

ஏழு ஆண்டுகளாக இருவரும் அலைந்திருக்கிறீர்கள், அந்தக் களைப்பு உங்கள் எழுத்தில் தெரிகிறது. இருந்தாலும் அடுத்த முறை மருத்துவர் அறையில் உங்கள் நாற்காலியைச் சற்றுப் பின்னால் இழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் மனைவி கேட்கட்டும். குழாய் கெட்டதற்குக் காரணம் காசநோயா என்று பார்த்தாயிற்றா, ஏனெனில் நம் நாட்டில் அது முக்கியக் காரணம், இருந்தால் அதற்கான மருந்து முதலில். குழாயை ஒட்டித்தான் சினைப்பைக்கும் இரத்தம் போகிறது, அது பாதிக்கப்படாமல் எப்படி வெட்டுவீர்கள், கிளிப் போதாதா. வலது குழாய் நன்றாக இருந்தால் சோதனைக் குழாய் சிகிச்சை இப்போதே வேண்டுமா. எல்லாவற்றுக்கும் மேலாக, உள்ளே பார்க்கும்போது வலது குழாயும் கெட்டிருந்தால் எடுப்பதா விடுவதா என்பதை மயக்க ஊசிக்கு முன்பே அவரே முடிவுசெய்து, தாளில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். உயிருக்கு ஆபத்து என்றாலொழிய, வெளியே நிற்கும் உங்களிடம் யாராவது தாளை நீட்டினால் கைநீட்டி வாங்காதீர்கள்.