‘அன்ரி, நீங்கள் எப்ப போறீங்கள்?’

கேள்வி: நான் கனடாவில் வளர்ந்தவள், வயது 27. எங்கள் திருச்சபை மூலம் இரண்டு வருடப் பணிக்காகக் கிளிநொச்சிப் பக்கம் ஒரு பெண்பிள்ளைகள் இல்லத்துக்கு வந்திருக்கிறேன். வந்து ஐந்து மாதம். 18 பிள்ளைகள், அதில் எட்டுப் பேர் சைவம். காலை நாலரைக்கு எழும்பினால் இரவு பத்துவரை ஓட்டம்தான். பெரிய பிள்ளைகள் முதல் நாள் ‘எப்ப போறீங்கள்’ என்று கேட்டதோடு சரி, என்னோடு கதைக்கிறார்கள் இல்லை. ஆகச் சின்னவளோ என்னை ‘அம்மா’ என்கிறாள். சந்தோஷமாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. சபை மாதாமாதம் பிள்ளைகளின் படத்தோடு கடிதம் கேட்கிறது. ஊழியம் செய்யவா வந்தேன், உடுப்புத் தோய்க்கவா என்று சில நாள் அழுகை வருகிறது.
– ஒரு வாசகி, கிளிநொச்சி

பதில்:

தங்கச்சி, உடுப்பிலிருந்தே தொடங்குகிறேன். நானும் முறிகண்டிக்கு அங்கால், ஏ9 வீதியிலிருந்து உள்ளுக்குப் போகும் ஓர் ஊரில் இப்படியான ஓர் இல்லத்தில் ஒன்பது வருடம் மேற்றனாக இருந்தவள். சோளகக் காற்றுக் காலத்தில் கிரவல் றோட்டால் நடந்து வரும் வெள்ளைச் சீருடை பின்னேரம் என்ன நிறத்தில் இருக்கும் என்று உங்களுக்கு இப்போது தெரிந்திருக்கும். கிணறும் அந்த நேரம் பார்த்துத்தான் வற்றும். ஆனால் கொலர் மங்கியிருந்தால், ‘அது ஹோம் பிள்ளை’ என்று வகுப்பில் பின் வாங்கிலிருந்து ஒரு குரல் வரும். நீலம் போட்டு வெளுத்து, மடிப்புக் கலையாமல் அனுப்பினால் அந்தக் குரல் வராது. என் கணக்கில் அதுவும் ஊழியம்தான், செபக்கூட்டத்துக்குக் குறைந்ததில்லை.

பெரியவர்கள் கதைக்கிறார்கள் இல்லை என்கிறீர்கள். எங்கே வைத்துக் கேட்டீர்கள்? மேசைக்கு முன்னால் இருத்தி, கண்ணைப் பார்த்து, ‘என்னம்மா பிரச்சினை’ என்றால் பதினைந்து வயதுப் பிள்ளை வாய் திறக்காது. கனடாவில் அப்படித்தான் கேட்பார்கள், பிழையில்லை. ஆனால் இந்தப் பிள்ளைகளை அப்படி இருத்திவைத்துக் கேட்டவர்கள் எல்லாரும் கையில் கோப்போடு வந்தவர்கள்.

பேன்சீப்பை எடுங்கள். சனிக்கிழமை தலை முழுகி, முடி காய்ந்த பிறகு, குசினிப் படியில் நீங்கள் மேல்படி, அவள் கீழ்ப்படி. மடியில் ஒரு பழைய வெள்ளைத் துணி. அவளுக்கு உங்கள் முகம் தெரியாது, உங்களுக்கும் அவள் முகம் தெரியாது. முதல் பத்து நிமிடம் பேன் கதைதான் நடக்கும். ஈர் உருவும்போது ‘ஆ, நோகுது’ என்பாள். பிறகு, இரண்டாவது பின்னல் பாதிக்கு வரும்போது, ஏதோ பக்கத்து வீட்டுக் கதைபோல ஒன்றைச் சொல்வாள். என்னிடம் ஒருத்தி சொன்னது: ‘அம்மாட மூக்குத்தி இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ எண்டு மறந்துபோச்சு அன்ரி.’ எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. பின்னல் கோணலாய் வந்துவிட்டது என்று பொய் சொல்லி, அவிழ்த்து முதலிலிருந்து பின்னினேன்.

அந்தப் படியில் சில நாள் வேறு மாதிரிக் கதையும் வரும், யாரோ தொட்டது, அடித்தது என்று. ‘ஒருவருக்கும் சொல்லமாட்டேன்’ என்று அப்போது சத்தியம் பண்ணிவிடாதீர்கள். இல்லப் பொறுப்பாளருக்கும் நன்னடத்தை உத்தியோகத்தருக்கும் சொல்லியே ஆகவேண்டும். சொல்லவேண்டிய ஆளே பிரச்சினைக்குரிய ஆள் என்றால், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் தொலைபேசி இலக்கம் 1929 இருக்கிறது. யாருக்குச் சொல்லப் போகிறீர்கள் என்பதை முதலில் அவளுக்குச் சொல்லிவிடுங்கள்.

இனி ‘அம்மா’. ஏமி கார்மைக்கேல் பற்றி உங்கள் சபையில் கட்டாயம் சொல்லியிருப்பார்கள். அயர்லாந்தில் பிறந்தவர். 1895இல் இந்தியாவுக்கு வந்து, 1901 முதல் திருநெல்வேலிப் பக்கம் டோனாவூரில் பெண்பிள்ளைகளை வளர்த்தவர். பிள்ளைகள் அவரை அம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆனால் அவர் ஊருக்குத் திரும்பிப் போகவே இல்லை. 1951இல் டோனாவூரிலேயே கண்ணை மூடினார். ஐம்பத்தைந்து வருடம். உங்களுக்கு இன்னும் பத்தொன்பது மாதம் இருக்கிறது.

சின்னவளின் கோப்பையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். இல்லத்துப் பிள்ளை என்றால் அநாதை என்று வெளிநாட்டில் நினைக்கிறார்கள். என்னிடம் இருந்தவர்களில் பலருக்குத் தாய் இருந்தார், குவைத்தில் அல்லது சவூதியில். அங்கே யாரோ வீட்டுப் பிள்ளைக்குச் சோறு தீத்திக்கொண்டிருப்பார்; இங்கே அவருடைய பிள்ளைக்கு நீங்கள் தீத்துகிறீர்கள். அந்தச் சொல்லை அவருக்கென்று விட்டுவையுங்கள். அதட்டவேண்டாம். ‘நான் அன்ரி. அம்மா குவைத்தில இருக்கிறா. அம்மா எடுத்தால் என்ன சொல்லப் போறாய்?’ என்று தலையைத் தடவிக்கொண்டே கேளுங்கள். பத்துத் தரம் சொல்லவேண்டி வரும். தாய் இல்லாத பிள்ளை என்றாலும் இப்படித்தான். படம் ஒன்று இருந்தால் கட்டில் தலைமாட்டில் ஒட்டிக்கொடுங்கள்.

குவைத் நேரம் எங்களுக்கு இரண்டரை மணித்தியாலம் பின்னால். அந்த மனுசி பாத்திரம் கழுவி முடித்து, போனைக் கையில் எடுக்கும்போது அங்கே இரவு பத்து என்றால் இங்கே பன்னிரண்டரை. எங்கள் இல்லத்தில் ஒன்பதரைக்கு விளக்கு அணைப்பது சட்டம். அதனாலேயே எத்தனையோ அழைப்புகள் தவறிப்போயின. அதை நான் விளங்கிக்கொள்ள மூன்று வருடம் எடுத்தது. கிழமையில் ஒரு நாள், பொறுப்பாளரிடம் கேட்டுவிட்டு, பிள்ளையை எழுப்பிக் கதைக்க விடுங்கள். நித்திரைக் கண்ணோடு ‘ம்… ம்…’ என்று மட்டும்தான் சொல்லும். அந்தப் பக்கம் இருப்பவருக்கு அதுவே போதும்.

சைவப் பிள்ளைகளுக்கு ஓஎல் சோதனையில் சைவநெறி ஒரு பாடம். அவர்கள் தேவாரம் பாடமாக்கும்போது புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு பிழை திருத்துவதும் உங்கள் வேலைதான். மாலைச் செபத்துக்கு விரும்பினால் வரட்டும். திருநீறு பூசிக்கொண்டு வந்தாலும் வரட்டும்.

படம் அனுப்பத்தான் வேண்டுமென்றால் கொடியில் காயும் சீருடைகளை எடுங்கள், வாசலில் சப்பாத்து வரிசையை எடுங்கள், முகத்தை வேண்டாம். நாளைக்கு அந்தப் பிள்ளைக்குக் கலியாணம் பேசும்போது, ‘இது கனடாச் சபைப் புத்தகத்தில் வந்த பிள்ளையல்லோ’ என்று ஒருவரும் போனை நீட்டக்கூடாது.

சரி, ‘எப்ப போறீங்கள்’ என்ற கேள்விக்கு என்ன பதில் சொன்னீர்கள்? அதை எழுதவில்லையே. ‘இப்ப போகமாட்டன்’ என்று சிரித்துச் சமாளித்திருந்தால், அவர்கள் கதைக்காததற்குப் பாதிக் காரணம் அதுதான். எங்களிடம் வெளிநாட்டிலிருந்து வந்து ஒரு வருடம் நின்ற பிள்ளை ஒன்று, அழுவார்களே என்று பயந்து, விடியப்புறம் சொல்லாமல் வெளிக்கிட்டது. எழும்பிவந்த பிள்ளைகள் அன்று ஒருவரும் அழவில்லை. அதற்குப் பிறகு வந்த எல்லாரிடமும் முதல் கேள்வியாக அதைத்தான் கேட்டார்கள். திகதியைச் சொல்லுங்கள். சுவர்க் கலண்டரில் மாதத்தையாவது எழுதிவையுங்கள். சின்னவள் கோபிப்பாள், இரண்டு நாள் சாப்பாடு வேண்டாம் என்பாள்.

நான் எட்டு மாதத்துக்கு முன்பே சொன்னேன். கடைசிச் சனிக்கிழமை, மூக்குத்தி கேட்டவள் பேன்சீப்போடு வந்து மேல்படியில் ஏறி இருந்துகொண்டாள். ‘இருங்கோ அன்ரி, உங்கட தலையைப் பாப்பம்.’ ஏழு எடுத்தாள்.