கண்மாய்க்கரை வயலில் துருப் பொட்டு: அன்னபேதியை இரட்டிப்பாக்கலாமா?

கேள்வி: அய்யா, தேவகோட்டைக்குப் பக்கத்தில் கண்மாய்க்கரையை ஒட்டி எனக்கு ஒன்றரை ஏக்கர் நஞ்சை இருக்கிறது. ஆந்திரா பொன்னி நட்டு 35 நாள் ஆகிறது. அடி இலைகளில் நுனியிலிருந்து துருப் பொட்டுகள் இறங்குகின்றன. தண்ணீரின் மேல் எண்ணெய் மிதப்பதுபோல் படலம் கட்டுகிறது. உரக்கடையில் இரும்புச்சத்துக் குறைவு என்று சொல்லி, 10 கிலோ அன்னபேதியும் (இரும்பு சல்பேட் உப்பு) 1 கிலோ சூடோமோனாஸும் (பாக்டீரியாத் தூள்) கொடுத்து, இரண்டையும் மணலில் கலந்து தண்ணீர் நிற்கும்போதே வீசச் சொன்னார்கள். பாதியை வீசி 8 நாளில் பொட்டு அதிகமாகிவிட்டது. அளவு போதவில்லை, இரட்டிப்பாகப் போடுங்கள் என்கிறார்கள். போடலாமா? மேட்டுக் கொல்லையில் போர்த் தண்ணீரில் கடலை போட்டிருக்கிறேன். அதில் குருத்து கொஞ்சம் வெளுத்திருக்கிறது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பதில்: போடாதீர்கள். மீதமிருப்பதில் ஒரு கைப்பிடியைக்கூட அந்த நஞ்சையில் வீச வேண்டாம். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் இரும்பு மிஞ்சியதற்கு உரியவை. பழைய இலையில் சேர்ந்துவிட்ட இரும்பைப் பயிரால் எளிதில் குருத்துக்கு மாற்ற முடியாது என்பதால், குறைவு வந்தால் முதலில் வெளுப்பது குருத்திலைதான். மிஞ்சினாலோ அடி இலையின் நுனியில் பழுப்புப் பொட்டாகத் தொடங்கி, இலையடியை நோக்கி இறங்கி, கடைசியில் இலை செம்பு நிறமாகிக் காயும். எந்த இலையில் என்று கடைக்காரர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்னபேதிப் பை வெளியே வந்திருக்காது.

தண்ணீர்மேல் உள்ள படலத்தை ஒரு குச்சியால் கீறிப் பாருங்கள். எண்ணெயாக இருந்தால் கீறல் உடனே மூடிக்கொள்ளும். இரும்பை ஆக்சிஜனேற்றம் செய்யும் பாக்டீரியாக்களால் கட்டிய படலமாக இருந்தால், மெல்லிய கண்ணாடி உடைவதுபோல் சில்லுசில்லாகப் பிரிந்து, பிரிந்தபடியே மிதக்கும். பிறகு ஒரு தூரைப் பிடுங்கி வேரை அலசுங்கள். வேரில் செங்காவிப் பூச்சு இருந்தால், பயிர் தன் வேர்வழியே காற்றை வெளிவிட்டு இரும்பை வாசலிலேயே துருவாக்கித் தடுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். வேர் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் வீசினால் நிலைமை முற்றிவிட்டது. அன்னபேதியில் உள்ள சல்பேட்டும் காற்றில்லாச் சேற்றில் அந்த நாற்றவாயுவாகத்தான் மாறும்.

செட்டிநாட்டுச் செம்மண்ணிலும் செம்புராங்கல் நிலத்திலும் இரும்புக்குப் பஞ்சம் கிடையாது. காற்றுப் பட்டுக்கொண்டிருக்கும் வரை அது துருவாக, கரையாமல், யாருக்கும் தொந்தரவின்றிக் கிடக்கும். (காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தார் துருப்பிடிப்பதைத் தடுக்க ஆராய்கிறார்கள், உங்கள் வயலிலோ இரும்பு துருவாகவே இருப்பதுதான் பயிருக்குப் பாதுகாப்பு.) நீர் தேங்கியதும், மண்ணிலுள்ள ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் தீர்த்துவிட்டு, அடுத்து நைட்ரேட்டையும் மாங்கனீசையும் பிடித்து, அதன்பின் துருவையே மூச்சுக்குப் பயன்படுத்தத் தொடங்குகின்றன. ஜியோபாக்டர் போன்றவை இவ்வாறு சுவாசிக்கும்போது துரு கரையும் இரும்பாக மாறி வேருக்குள் நுழைகிறது. நீர் நின்ற மண்ணில் நடக்கும் இந்த வரிசையை, பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய இலங்கை விஞ்ஞானி பொன்னம்பெருமா 1972இலேயே விரிவாக எழுதிவைத்துவிட்டார்.

அந்த 1 கிலோ சூடோமோனாஸுக்கு வருகிறேன். கடைக்காரரின் சீட்டில் எனக்கு அதிகக் கோபமூட்டியது அதுதான். சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் காற்றுள்ள மண்ணில் வாழ்ந்து பழகியது. அங்கே இரும்பு கரையாது என்பதால், பயோவெர்டின் என்னும் மஞ்சள் கலந்த பச்சைப் பொருளைச் சுரந்து வெளியே அனுப்பி, துருவிலிருந்து இரும்பைப் பற்றிக் கொண்டுவரச் செய்கிறது. இவ்வகைப் பொருள்களுக்குச் சிடரோஃபோர் என்று பெயர். வேரோரத்து இரும்பை இவ்வாறு முந்திக்கொள்வதால் நோய்ப் பூசணங்கள் பட்டினி கிடக்கின்றன என்பது 1980 முதல் சொல்லப்பட்டு வரும் விளக்கம். ஆனால் இந்தச் சுரப்பு பாக்டீரியாவுக்குச் செலவு பிடிக்கும் வேலை. ஆகவே அதற்குள் ஃபர் என்னும் ஒரு புரதம் கணக்குப்பிள்ளையாக இருந்து, செல்லுக்குள் போதிய இரும்பு வந்ததும், அந்த இரும்பையே பிடித்துக்கொண்டு மரபணுவின் தலைமாட்டில் அமர்ந்து சுரப்பை நிறுத்திவிடுகிறது. இரும்பு குறைந்த ஊடகத்தில் வளர்த்த தட்டைப் புற ஊதா விளக்கின்கீழ் நீட்டினால் பச்சையாக ஒளிரும். இரும்பு உப்பு தாராளமாகக் கலந்த தட்டு மங்கிக் கிடக்கும். மாணவனாக இருந்தபோது இவ்விரண்டு தட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்ததை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கணக்கும் காற்றைப் பொறுத்தே மாறுகிறது. நன்கு ஆராயப்பட்ட எ.கோலை பாக்டீரியாவில், எஃப்.என்.ஆர். என்னும் மற்றொரு புரதத்தில் இரும்பும் கந்தகமும் சேர்ந்த ஒரு முடிச்சு உண்டு. ஆக்சிஜன் பட்டால் அது சிதைந்துவிடும். ஆக்சிஜன் இல்லாதபோது முடிச்சு நிலைத்து நின்று, கரைந்த இரும்பை நேரே உள்ளிழுக்கும் வாசலைத் திறக்க உதவுகிறது. உள்ளே இரும்பு பெருகுவதால் ஃபரின் பிடியும் இறுகுகிறது. காற்று இருக்கையில் நிலைமை நேர்மாறானது. வெளியே இரும்பு எளிதில் கிடைப்பதில்லை. உள்ளே மிஞ்சினாலோ, சுவாசத்தின் உடன்விளைவான ஹைட்ரஜன் பெராக்சைடோடு சேர்ந்து டி.என்.ஏ.வையே சேதப்படுத்தும், ஆகவே பாக்டீரியா அதனை அளந்தே வைத்துக்கொள்கிறது. இரும்பு ஊறிக் கிடக்கும் சேற்றில், மேலும் இரும்பைக் கலந்து சூடோமோனாஸை வீசுவது, பசித்தால் மட்டுமே வேட்டைக்குப் போகும் நாயைக் கல்யாணப் பந்திக்குப் பின்புறம் கட்டிவைப்பதற்குச் சமம். அதற்கு நோய் எதிர்ப்பைத் தூண்டுவது முதலான வேறு வேலைகளும் உண்டு என்பதை மறுக்கவில்லை. உங்கள் வயலின் நோய் அவற்றுக்குக் கட்டுப்பட்டதன்று.

அளவு போதவில்லை என்பது உரக்கடைகளில் எப்போதும் கைவசம் இருக்கும் பதில். ஏனெனில் அந்தப் பதிலில் மட்டும்தான் இன்னொரு பை விற்கும். உயிருள்ள பாக்டீரியாவைத் தகரக் கூரையின்கீழ் வெயிலில் அடுக்கி வைத்துவிட்டு, அதனை உப்போடு கலந்து வீசச் சொல்பவரிடம் பயிருக்கு வைத்தியம் கேட்காதீர்கள். செட்டிநாட்டிலேயே வறண்ட நில வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஒரு தூரை வேர்மண்ணோடு எடுத்துக்கொண்டு அங்கே போனால் காசு செலவில்லாமல் சொல்வார்கள்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, வயலில் எத்தனை நாளாகத் தண்ணீர் வற்றாமல் நிற்கிறது என்பதை. காய்ச்சலும் பாய்ச்சலும் (வயலைக் காயவிட்டு, பிறகு நீர் பாய்ச்சுவது) என்பதை நான் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருப்பவன். இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. கண்மாய் வற்றிவிடுமோ என்ற பயத்தில், மடை திறந்தபோதெல்லாம் நீரைக் கட்டிக் கட்டி வயலையே இன்னொரு கண்மாயாக்கி வைப்பது நம் பக்கத்துப் பழக்கம். பயம் நியாயமானதுதான், ஆனால் வேர் அந்தப் பயத்துக்கு விலை கொடுக்கிறது. இன்றே மடையை அடைத்து, தாழ்ந்த மூலையில் வரப்பை வெட்டி வடியுங்கள். மேல்மண்ணில் மயிரிழை வெடிப்பு ஓடி, கால் வைத்தால் புதையாமல் தடம் மட்டும் பதியும் வரை காயவிட்டு, பிறகு இரண்டு விரற்கடை நீர் கட்டி, அது மறைந்து மீண்டும் மயிரிழை தெரிந்தபின் அடுத்த நீரைக் கட்டுங்கள். விரல் நுழையுமளவு வெடிக்க விடக் கூடாது. ஆந்திரா பொன்னி நீண்ட வயதுப் பயிர் என்பதால் 35ஆம் நாளில் இன்னும் தூர் கட்டிக்கொண்டிருக்கிறது. இப்போது காய்ச்சுவதால் கெடுதல் இல்லை. கதிர் உருவாகத் தொடங்கியதிலிருந்து பூ முடியும் வரை காய்ச்சல் கொடுக்கவே கூடாது.

வடித்தபின்னும் வயல் ஊறிக்கொண்டே இருந்தால் அது கரைக் கசிவு. மேலிருந்து கரைந்த இரும்பைச் சுமந்துகொண்டு வரும் அந்த நீரை, வயலின் தலைமாட்டில் ஒரு முழ ஆழ வாய்க்கால் வெட்டி மறித்து, பக்கத்து ஓடைக்குத் திருப்புங்கள். கண்மாய்க்கரையின் அடிக்காலில் மட்டும் மண்வெட்டியை வைத்துவிடாதீர்கள். கரை உடைந்தால் ஊரே பொறுக்காது. காய்ந்தபின் ஏக்கருக்கு 15 கிலோ பொட்டாஷ் போடுங்கள், சாம்பல் சத்துக் குறைந்த வேரால் இரும்பைத் தடுக்க முடியாது. புது வேர் வெள்ளையாக இறங்கும் வரை யூரியா வேண்டாம்.

பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நீங்கள் ஒதுக்கிய கடலைதான் உண்மையில் இரும்புக்கு ஏங்குவதாகத் தெரிகிறது. போர்த் தண்ணீரில் பைகார்பனேட் உப்பு மிகுந்தால், காற்றோட்டமான மேட்டு மண்ணில் கரையாத இரும்பு மேலும் கைக்கெட்டாமல் போகும். தண்ணீரை ஒருமுறை பரிசோதனைக்குக் கொடுங்கள். மீதமுள்ள அன்னபேதியை லிட்டருக்கு 5 கிராம் வீதம், 1 கிராம் சிட்ரிக் அமிலத்தோடு கரைத்து, மாலையில் இலைமேல் தெளியுங்கள். மீதி சூடோமோனாஸை, தேதி தாண்டாமல் இருந்தால், மக்கிய தொழுவுரத்தில் கலந்து ஈரமுள்ளபோது கடலைக்கு இடுங்கள். இரண்டையும் ஒன்றாகக் கலக்காதீர்கள். மணலோடு கலந்துவிட்டது தெளிப்புக்கு ஆகாது. கலக்காமல் பையில் இருப்பதைப் பிரித்துப் பாருங்கள்: கல் இளம்பச்சையாக இருந்தால் மட்டும் கரையுங்கள், பழுப்பேறியிருந்தால் அது பைக்குள்ளேயே துருவாகிவிட்டது.