பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனியில் டிராம்போன்காரர்கள் முக்கால்வாசி நேரம் சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள்? அதற்கும் சம்பளமா?

வீடியோ பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பின்வரிசையில் மூன்று பேர் மடியில் அந்த நீளப் பித்தளைக் குழலோடு அசையாமல் இருந்தால் கண் அங்கேதான் போகும். ஆர்கெஸ்ட்ராவில் நோட்டை எண்ணிச் சம்பளம் தருவதில்லை. தந்தால் வயலின்காரர்கள் கோடீஸ்வரர்கள்.

சிம்பொனியின் நான்கு பகுதிகளில் முதல் மூன்றுக்கும் அவர்கள் தாளில் 'டாசெட்' என்று மட்டும்தான் இருக்கும், வாசிக்காதே என்று பொருள். பிக்கலோ என்ற குட்டிப் புல்லாங்குழல், கான்ட்ராபசூன் என்ற அடிச்சுருதி மரக்குழல் இரண்டுக்கும் அதே கதி. நான்காம் பகுதி வர 20 நிமிடத்துக்கு மேலாகும். அதற்குள் பித்தளை ஆறிவிடும். குழலுக்குள் காற்று குளிர்ந்தால் ஒலியின் வேகம் குறையும், சுருதி இறங்கும். எல்லாருக்கும் சுருதி தரும் ஓபோ என்ற மரக்குழல் கொடுத்த 'ஏ' ஸ்வரத்தோடு தொடக்கத்தில் சேர்த்த சுருதி இப்போது உதவாது. வாசித்துக்கொண்டே இருந்த மற்ற ஊதுகருவிகளோ சூடேறிச் சற்று மேலே போயிருக்கும். அதனால் உதட்டை அதிரவிடாமல், சத்தமில்லாமல் வெதுவெதுப்பான மூச்சை உள்ளே ஊதிக்கொண்டிருப்பார்கள். அதையே அதிகம் செய்தால் குழலில் நீர் கோத்துக்கொள்ளும். வடிக்க மறந்தால் முதல் நோட்டே களகளவென்று வரும். கான்ட்ராபசூன்காரருக்குச் சீவாளி காய்கிற கவலை. நாகஸ்வரக்காரர்களைக் கேட்டால் தெரியும்.

மூன்றாம் பகுதிக்கும் நான்காம் பகுதிக்கும் நடுவே இடைவெளி கிடையாது. டிம்பனி என்ற பெரிய முரசு 'சி' ஸ்வரத்தில் மெல்லத் தட்டிக்கொண்டிருக்க, சுமார் 50 பார், அதாவது தாளக் கட்டங்கள், கிசுகிசுப்பாகவே போகும். கடைசிச் சில பாரில் ஒலி பெருகி, சி மேஜரில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் வெடிக்கும். டிராம்போனின் முதல் நோட்டு அந்த முதல் அடியிலேயே. அதுவரை பாருக்கு ஒரு வீச்சாகக் காட்டிவந்த, ஆர்கெஸ்ட்ராவை நடத்தும் கண்டக்டர் அங்கே கைக்கணக்கை மாற்றுவார், கண் தப்பினால் போச்சு. கருவியையும் முன்பே மெதுவாக உயர்த்திவிட வேண்டும். மூன்று பேர் சடக்கென்று தூக்கினால் அந்த நிசப்தம் கெட்டுவிடும். முதல் டிராம்போன் ஆல்டோ, மூன்றிலும் உயர்ந்த சுருதிக் கருவி, மேல் 'எஃப்' ஸ்வரம் வரை ஏற வேண்டும். ஆறிய உதட்டில் அது பிசிறினால் ஒளிய இடமில்லை.

மூன்றாம் பகுதியைத் திரும்ப வாசிப்பதா என்பதில் பதிப்புக்கொரு கருத்து. அன்று எப்படி என்று ஒத்திகையில் தாளில் பென்சிலால் குறித்துக்கொள்ளாதவர் பாடு திண்டாட்டம். 1808 டிசம்பர் 22 அன்று வியன்னாவில் இது அரங்கேறிய கச்சேரியிலேயே, பீத்தோவனின் இன்னொரு படைப்பான கோரல் ஃபேன்டஸி நடுவில் குலைந்து மறுபடி தொடங்க வேண்டியதாயிற்று. திரும்ப வாசிப்பதில் வந்த குழப்பம்தான் காரணம் என்பது அக்கால இசைக்கலைஞர் சைஃப்ரீட் சொன்னது. அதுவும் நாலு மணி நேரக் கச்சேரி, கடுங்குளிர். அந்தக் குளிரில் டிராம்போன் என்ன சுருதியில் இருந்திருக்கும்!

'சிம்பொனியில் முதன்முதலாக டிராம்போன்' என்று நான் எழுதவில்லை, கவனியுங்கள். 1807இல் ஸ்வீடனில் எக்கெர்ட் என்ற இசையமைப்பாளர் செய்துவிட்டார், அதைச் சொல்ல யாராவது கமெண்டுக்கு வருவீர்கள். ஆனால் ரிங்டோனாகத் தேய்ந்துபோன அந்த முதல் நாலு நோட்டை மட்டுமே ஐந்தாம் சிம்பொனி என்று நினைப்பவர்களிடம் எனக்குப் பொறுமையில்லை. நான்காம் பகுதியில் மூன்று டிராம்போனும் ஒரு பிக்கலோவும் உண்டு, ஆறு டிம்பனியைவிட அதிகச் சத்தம் போடும் என்று தன் புரவலர் ஓப்பர்ஸ்டார்ஃப் பிரபுவுக்குப் பெருமையாகக் கடிதம் எழுதியவர் பீத்தோவன்.

இதுவே சுலபம் என்பார்கள் சிலர், சத்தமாகத்தானே நுழைகிறார்கள் என்று. ஒரு வகையில் சரிதான். பிராம்ஸின் முதல் சிம்பொனியில் அரைமணிக்கு மேல் காத்திருந்துவிட்டு, முதல் நோட்டையே மென்மையாக ஊத வேண்டும்.