பக்கத்து ஸ்டூல்காரர்

வணக்கம் சார்,

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கியில் மூன்று வருடமாக இருக்கிறேன். போன வாரம் அலுவலக நண்பர்கள் புதிதாகத் திறந்த ஒரு ‘டைவ் பார்’க்குக் கூட்டிப்போனார்கள். டைவ் பார் என்றால் பகட்டில்லாத, மலிவான பழைய பார். வேண்டுமென்றே சாயம் உரித்த சுவர், நியான் விளக்கு, காசு போட்டு ஆடும் பழைய பேக்மேன் வீடியோ கேம் இயந்திரம், ஹாட்டாக். தொழிலாளிகள் குடித்த இடத்துக்கு வேஷம் கட்டி விற்பதுபோல இருந்தது. இதில் ரசிக்க என்ன இருக்கிறது?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் எரிச்சல் புரிகிறது. ஆனால் உங்கள் ஊரிலேயே லிங்கன் அவென்யூவில் 1908இல் தொடங்கிய ஹாலர் ஹவுஸ் என்ற பார் இருக்கிறதே. அதன் நிலவறையில் பந்தை உருட்டிக் கட்டைகளை வீழ்த்தும் பவுலிங் தடங்கள் இரண்டே இரண்டு, அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றவற்றில் மிகப் பழையவை. விழுந்த கட்டைகளை நிறுத்த இயந்திரம் கிடையாது. நான் போனபோது ஒரு பையன் பின்னால் உட்கார்ந்து கையாலேயே எடுத்து நிறுத்தினான், அதுவரை காத்திருக்க வேண்டும், காத்திருக்கும்போது பக்கத்தில் நிற்பவரிடம் பேசாமல் எப்படி இருப்பது? இந்த மாதிரி இடங்களில் நான் தேடுவது அந்தப் பேச்சைத்தான்.

அந்தக் காலத்து பார்க்காரர் யாரும் கடை பழசாகத் தெரியட்டும் என்று நினைத்ததில்லை. 1972இல் கலிபோர்னியாவின் சன்னிவேலில், ஆண்டி கேப்ஸ் என்ற சாதாரண பாரில்தான் அட்டாரி என்ற வீடியோ கேம் கம்பெனி, இருவர் ஆடும் தன் பாங் விளையாட்டு இயந்திரத்தைச் சோதனைக்கு வைத்தது. கொஞ்ச நாளில் அது நின்றுபோக, வடிவமைத்த ஆல் அல்கார்ன் போய்த் திறந்து பார்த்தால் கோளாறு ஒன்றுமில்லை, 25 சென்ட் காசுகள் நிரம்பி அடைத்துக்கொண்டிருந்தன. புத்தம் புதிய விளையாட்டு, பீர் வாசனைக்கு நடுவில்! அதைத் தனியாக ஆடவும் முடியாது. தனியாக வந்தவர் பக்கத்து ஸ்டூல்காரரைக் கூப்பிட்டே ஆகவேண்டும்.

அப்புறம் உங்கள் ஊர் பார்களின் வெள்ளிக்கிழமை மீன் வறுவல். அதுவும் வேஷத்துக்காக வந்ததல்ல. வெள்ளியன்று இறைச்சி தொடாத கத்தோலிக்கக் குடியேறிகளின் பழக்கம் அது, 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்தபோது மது விற்க முடியாத கடைக்காரர்களுக்கும் கைகொடுத்தது.

உரித்த சுவரை விட்டுவிடுங்கள். காசு போட்டால் அந்த பேக்மேன் ஓடுகிறதா? சும்மா அலங்காரத்துக்கு நிறுத்தியிருந்தால் உங்களோடு சேர்ந்து நானும் திட்டுவேன். ஓடினால், கூட்டமில்லாத ஒரு செவ்வாய்க்கிழமை நண்பர்கள் இல்லாமல் போய் உட்காருங்கள், குடிக்காவிட்டால் சோடா போதும். விஸ்கான்சினில் அடுத்த சுற்றுக்கு யார் காசு கொடுப்பது என்று தோல் கோப்பையில் பகடை குலுக்கித்தான் முடிவு செய்வார்கள். அந்தக் கோப்பையை யாராவது உங்கள் பக்கம் நகர்த்தினால் எனக்கு எழுதுங்கள்.