செயின் ரியாக்ஷன் மெஷினை ஸ்கூல் சயின்ஸ் ப்ராஜெக்டாகக் கொண்டுபோகலாமா? அது வெறும் விளையாட்டுதானே?

தாராளமாகக் கொண்டுபோகலாம். ஒரு முனையில் ஒன்றைத் தட்டிவிட்டால் அது அடுத்ததைத் தள்ள, அது அதற்கடுத்ததைத் தள்ள, இப்படிக் கண்ணி கண்ணியாக ஓடிக் கடைசியில் ஒரு வேலையை முடிப்பதுதான் இந்த மெஷின். "வெறும் விளையாட்டுதானே" என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். இதே வார்த்தையை என் அக்கா மகளிடம் நேருக்கு நேராகச் சொன்னவர் உண்டு. உங்கள் பையன் எட்டாவதோ ஒன்பதாவதோ படிப்பான், யூடியூபில் பார்த்துவிட்டு அடம் பிடிக்கிறான், நீங்கள் கடையில் விற்கிற எரிமலை மாடலை வாங்கிக் கொடுத்து வேலையை முடித்துவிடலாமா என்று பார்க்கிறீர்கள். தயவுசெய்து வாங்காதீர்கள்.

எனக்குக் கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர் வேலை. வீடு கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் வீட்டிலும் கடையிலும் தமிழ். அக்கா மகளும் தமிழ் மீடியம். சப் ஜில்லா அறிவியல் மேளாவுக்குப் பேர் கொடுத்துவிட்டு வந்து, "மாமா, இந்த முனையில கோலிய உருட்டிவிட்டா அந்த முனையில தென்னங்கன்னுக்கு சொட்டுநீர் போகோணும்" என்றாள். தண்ணீருக்குக் காய்கிற ஊர்ப் பிள்ளை, வேறு என்ன கேட்பாள்?

கோலி உருள்வதற்குப் பிவிசி பைப்பை நெடுக்காக அறுத்துச் சரிவு வைத்தாள். அடுத்து டாமினோ, அதாவது ஒன்று சாய்ந்தால் அடுத்ததையும் சாய்க்கிற மாதிரி வரிசையாக நிறுத்தும் துண்டுகள். ப்ளைவுட் துண்டுகளை நிறுத்தினால், பாலக்காட்டுக் கணவாய்க்குள் புகுந்து வருகிற கிழக்குக் காற்று ஜன்னல் வழியாக வந்து தள்ளிவிட்டுப் போய்விடும். அதனால் தரை டைல்ஸ் வெட்டின மிச்சத் துண்டுகளுக்கு மாறினாள், சின்னதிலிருந்து பெரிசு வரைக்கும். ஒரு டாமினோ தன்னைவிட ஒன்றரை மடங்கு பெரியதைக்கூடச் சாய்க்கும் என்று லோர்ன் வைட்ஹெட் என்ற இயற்பியல்காரர் 1983லேயே எழுதியிருக்கிறார். கண் முன்னால் அது நடந்தபோது அவள் போட்ட சத்தத்துக்கு அக்கா சமையல்கட்டிலிருந்து ஓடி வந்தாள்.

சிக்கல் கடைசிக் கண்ணியில்தான். சொட்டுநீர்க் குழாயின் டேப் இறுக்கமானது, கோலிக்கு அதைத் திருப்பத் தெம்பு இல்லை. 5 கிராம் கோலி 20 செ.மீ. இறங்கினால் கிடைக்கிற ஆற்றல் கிட்டத்தட்ட 0.01 ஜூல். மணல் நிரப்பிய பாட்டில் ஒன்றரைக் கிலோ, அரை மீட்டர் விழுந்தால் 7 ஜூலுக்கு மேல். எழுநூறு மடங்கு! ஆக, டேப்பைத் திருப்புவது பாட்டில். கோலியின் வேலை பாட்டிலை அவிழ்த்துவிடுவது மட்டும். ஒவ்வொரு கண்ணியிலும் ஆற்றலை முன்கூட்டியே ஏற்றி வைக்க வேண்டும் என்பது அவளுக்கு அங்கேதான் பிடிபட்டது. பாடப் புத்தகத்தில் நிலை ஆற்றல் என்று ஒரு பத்தி வரும், அது இதுதான்.

அப்போதும் பாட்டிலைத் தாங்கிய ஆணி வர மறுத்தது. "பாட்டில் இல்லாட்டி உருவிக்கிட்டு வருது மாமா, மாட்டினா கடிச்சுக்கிது" என்றாள். பாரம் அழுத்த அழுத்த உராய்வு கூடும், வேறொன்றுமில்லை. ஆணியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய சைக்கிள் ஸ்போக் துண்டில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துச் செருகினாள். அதை நூலால் நேராக இழுக்காமல், மர ஸ்கேலை நெம்புகோலாக வைத்து அதன் நீளமான கையில் நூலைக் கட்டினாள். ஸ்போக் வழுக்கிக்கொண்டு வந்தது.

மாமன்காரன் செய்து கொடுத்துவிட்டான் என்று கீழே யாராவது எழுதுவீர்கள். டிரில் மெஷினைப் பிள்ளை கையில் கொடுக்க முடியாது, துளை மட்டும் நான் போட்டேன். மெழுகு, ஸ்கேல், டைல்ஸ் எல்லாம் அவள் யோசனை.

நான் சொல்லிக் கொடுத்தது ஒரு கணக்கு. பத்துக் கண்ணி இருக்கிறது, ஒவ்வொன்றும் பத்துக்கு ஒன்பது தடவை ஒழுங்காக வேலை செய்கிறது என்று வையுங்கள். முழு மெஷினும் தடங்கலில்லாமல் ஓட 35 சதவீத வாய்ப்புதான். ஒவ்வொன்றையும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதாக்கினால் 90 சதவீதம். கம்பெனியில் ஒரு சென்சாரில் தூசி படிந்தால் மொத்த லைனும் நிற்பதைப் பார்க்கிறவன் நான். அதனால் எந்தக் கண்ணி எப்போது, ஏன் தவறியது என்று ஒரு நோட்டில் எழுதச் சொன்னேன். என்னைக் கேட்டால் அந்த நோட்டுதான் ப்ராஜெக்ட்.

மேளா அன்று காலையில் பஸ்ஸில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இங்கே தனியார் பஸ்ஸில் கன்செஷன் பிள்ளைகளைக் கடைசி ஆள் ஏறும்வரை வெயிலில் நிறுத்தி வைப்பார்கள். கையில் பலகையோடு நிற்கிற பெண்ணைப் பார்த்து "அடுத்த வண்டியில வா" என்றார் கண்டக்டர். முழு டிக்கெட் எடுக்கிறேன் என்று நான் சொன்ன பிறகுதான் கதவு திறந்தது. படிக்கிற பிள்ளை சலுகையில் வருவது அவ்வளவு பெரிய குற்றமா? இன்னும் ஆறவில்லை எனக்கு.

மேளாவில் நடுவர் மலையாளத்தில் கேட்டார், அவளும் தெரிந்த மலையாளத்தில் சொன்னாள். மெஷின் ஓடியது, தண்ணீரும் சொட்டியது. "இது களிப்பாட்டமல்லே, என்ன பிரயோஜனம்?" என்றார், விளையாட்டுச் சாமான்தானே என்று அர்த்தம். அவள் நோட்டை நீட்டினாள், அவர் வாங்கக்கூட இல்லை. இந்த மாதிரி மெஷின்களைப் படமாக வரைந்து பேர் வாங்கிய ரூப் கோல்ட்பர்க் எஞ்சினியரிங் படித்தவர், சான் ஃபிரான்சிஸ்கோ நகராட்சியில் தண்ணீர், சாக்கடைப் பிரிவில் வேலை பார்த்தவர். அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழக எஞ்சினியரிங் மாணவர்கள் 1949லேயே இதை வைத்துப் போட்டி நடத்தினார்கள். அங்கே எஞ்சினியர்கள் செய்தது இங்கே களிப்பாட்டமா?

பையனிடம் கடைசி வேலையை முதலில் முடிவு செய்யச் சொல்லுங்கள், அங்கிருந்து பின்னோக்கிக் கட்டட்டும். ஒரு கண்ணி திரும்பத் திரும்பச் சரியாக வந்த பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். கத்தி, நெருப்பு, கரண்டு வேண்டாம். பஸ்ஸில் கொண்டுபோவதாக இருந்தால் பலகையை இரண்டாக வெட்டிக் கீல் போட்டுவிடுங்கள், மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொள்ளலாம்.