தடை போட்ட பிறகும் கிராண்ட் கேன்யன் அருகே யுரேனியம் தோண்டுவது எப்படி?

கேள்வி: அரிசோனாவில் ஃப்ளாக்ஸ்டாஃப் நகரில் வசிக்கிறோம். கிராண்ட் கேன்யனைச் சுற்றி இனி சுரங்கம் கிடையாது என்று 2023-ல் அறிவித்தார்கள். ஆனால் யுரேனியத் தாது ஏற்றிய லாரிகள் எங்கள் ஊர் வழியாகவே போகின்றன. இது சட்டப்படி சரியா? குழந்தைகளுக்கு ஆபத்து உண்டா? யாரிடம் முறையிடுவது?

பதில்: சட்டப்படி சரிதான். நியாயமா என்று கேட்டால், இல்லை என்பேன்.

2012-ல் ஒபாமா அரசு இங்கே சுமார் 10 லட்சம் ஏக்கரில் 20 ஆண்டுகளுக்குப் புதிய சுரங்க உரிமை கோருவதை நிறுத்தி வைத்தது. 2023 ஆகஸ்டில் பைடன் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட ஏக்கரைத் தேசிய நினைவுச்சின்னமாக, அதாவது பாதுகாக்கப்பட்ட நிலமாக அறிவித்தார். இரண்டுமே புதிதாக வருபவர்களுக்குத்தான் தடை. ஏற்கெனவே செல்லுபடியாகும் உரிமை வைத்திருப்பவர்களை அவை தொடவில்லை. கைபாப் தேசிய வனத்தில் இருக்கும் பின்யன் பிளெய்ன் யுரேனியச் சுரங்கம் அப்படித் தப்பியது. 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அந்த உரிமை செல்லும் என்றது.

வேர் 1872-ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தில் இருக்கிறது. பொது நிலத்தில் கனிமத்தைக் கண்டுபிடித்தவர் உரிமை கோரலாம். எடுக்கும் தாதுக்கு மத்திய அரசுக்கு ராயல்டி எதுவும் கட்ட வேண்டாம். பழங்குடி நிலத்தில் கதை வேறு. 500-க்கும் மேற்பட்ட கைவிடப்பட்ட யுரேனியச் சுரங்கங்களோடு இன்றும் வாழும் நவஹோ மக்கள், 2005-ல் தங்கள் மண்ணில் அதைத் தோண்டவே தடை விதித்தார்கள். ஆனால் இந்தச் சுரங்கம் எந்தப் பழங்குடியின் ஒதுக்கீட்டு நிலத்திலும் இல்லை. ஹவசுபாய் பழங்குடி மக்களுக்குப் புனிதமான ரெட் பியூட் மலைக்கு அருகில், வனத்துறை நிலத்தில் இருக்கிறது. அதனால் அவர்களிடம் கருத்துக் கேட்டாலே போதும், சம்மதம் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. எனக்குப் பெரிய அநீதியாகப் படுவது இதுதான்.

லாரிகள் இந்தச் சுரங்கத்திலிருந்து, யூட்டாவில் யுரேனியத் தாதுவைப் பதப்படுத்தும் வைட் மேசா ஆலைக்குப் போகின்றன. 2024 ஜூலையில் சுரங்க நிறுவனம் முன்னறிவிப்பு இல்லாமல் நவஹோ நிலத்தின் வழியே அவற்றை ஓட்டியதும் நவஹோ தலைவர் பூ நைக்ரன் காவல்துறையை அனுப்பித் தடுக்கச் சொன்னார். ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் தலையிட்டு ஓட்டத்தை நிறுத்தி வைத்தார். 2025 தொடக்கத்தில் நவஹோ மக்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் ஏற்பட்டது. பழைய சுரங்கக் கழிவில் 10,000 டன்னை நிறுவனம் அப்புறப்படுத்த வேண்டும் என்பது அதில் ஒரு நிபந்தனை.

குழந்தைகளைப் பற்றிய கவலை புரிகிறது. மூடிய லாரி கடந்து போகும்போது படும் கதிர்வீச்சு மிகக் குறைவு. பயப்பட வேண்டியது தூசுக்கு. லாரி கவிழ்ந்தால் அருகே போகாமல், காற்று வரும் திசைக்கு நகர்ந்து நின்று 911-ஐ அழையுங்கள்.

உண்மையான ஆபத்து நிலத்தடி நீரில். 2016-ல் இந்தச் சுரங்கத்தின் செங்குத்துக் குழியைத் தோண்டும்போதே நீர் ஊற்று உடைந்து உள்ளே கொட்டியது. ஹவசுபாய் மக்களின் சுபாய் கிராமம் நிலத்தடி நீரில் பிறக்கும் ஊற்றுகளை நம்பியே இருக்கிறது. வனத்துறை இன்னும் 1986-ல் செய்த சுற்றுச்சூழல் பாதிப்பு ஆய்வையே பிடித்துக்கொண்டிருக்கிறது. புது ஆய்வு வேண்டும் என்று மாநிலத் தலைமை வழக்கறிஞர் கிறிஸ் மேயஸ் 2024-ல் கேட்டார். நீங்கள் கைபாப் வனத்துறைக்கு எழுதும்போது அதையே கேளுங்கள். "சுரங்கத்தை மூடு" என்று மட்டும் எழுதினால், உரிமை செல்லும் என்று ஒரு வரியில் பதில் வரும். நிலத்தடி நீர்ப் பாதுகாப்பு அனுமதியை 2022-ல் தந்தது அரிசோனா சுற்றுச்சூழல் துறை. கண்காணிப்புக் கிணறுகளின் பரிசோதனை முடிவுகளை அங்கே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.