வயது வந்தவர்களுக்கு ஆங்கிலம்: தமிழுக்குத் தடை வேண்டாம்

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கோயில் மண்டபத்தில் வாரம் இரண்டு மாலை, 8 பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறார். எல்லோரும் 40 முதல் 60 வயதுக்குள், மலாய் சரளமாகப் பேசுபவர்கள். ‘வகுப்பில் தமிழ் பேசக்கூடாது’ என்று விதி வைத்தாராம். இப்போது யாரும் வாய் திறப்பதில்லை, 3 பேர் நின்றே விட்டார்கள். என்ன செய்யலாம் என்று கேட்கிறார்.

முதலில் அந்த விதியை எடுத்துவிடுங்கள், சகோதரி. ஐந்து வயதுக் குழந்தை தப்பும் தவறுமாகப் பேசினால் வீடே ரசிக்கும். குடும்பத்தை நடத்தி, இரண்டு மொழியில் ஊரையே சமாளித்த 50 வயதுப் பெண்ணால் பத்துப் பேர் நடுவே அப்படித் திணற முடியாது. அவர்கள் வாயை அடைப்பது கூச்சம்தான்.

விதியை எடுக்க இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் மாணவிகள் ஆங்கிலம் பேசும்போது பெரும்பாலும் மலாயிலிருந்து சொல்லுக்குச் சொல் மாற்றுவார்கள். ‘செமாலம் சாயா பெர்கி’ என்பது அப்படியே ‘யெஸ்டர்டே ஐ கோ’ ஆகிவிடும். மலாயில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப மாறாது, ‘செமாலம்’ என்ற சொல்லே நேற்று என்று சொல்லிவிடும். ஆனால் தமிழில் போகிறேன், போனேன், போவேன் என்று வினையே மாறுகிறது. காலம் காட்டும் பழக்கம் அவர்களுக்குத் தாய்மொழியிலேயே இருக்கிறது. அதைத் தொட்டுக் காட்டினால் போதும்.

என் வகுப்பில் ஓர் அக்கா ‘யெஸ்டர்டே ஐ கோ மார்க்கெட்’ என்றார். நான் திருத்தவில்லை. “நேத்து போறீங்களா, போனீங்களாக்கா?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு, “போனேன்... ஐ வெண்ட்!” என்றார். அடுத்த வாரம் பக்கத்தில் இருந்தவரை அதே கேள்வி கேட்டுத் திருத்தினார்.

தவறைத் திருத்த எனக்குத் தெரிந்த நல்ல வழி இதுதான். நாமே சரியான வாக்கியத்தை மெதுவாகத் திருப்பிச் சொன்னால், பலர் அதைத் திருத்தமாகவே எடுத்துக்கொள்வதில்லை. தாங்கள் சொன்னதை ஆசிரியர் ஆமோதிப்பதாக நினைத்துவிடுவார்கள். கனடாவில் பிரெஞ்சு வழியில் படித்த பள்ளிப் பிள்ளைகளின் வகுப்புகளை ஆராய்ந்து லிஸ்டர், ராண்டா இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வும் இதையே காட்டியது. ஆசிரியர்கள் அதிகம் செய்தது அப்படித் திருப்பிச் சொல்வதைத்தான், மாணவர்களிடமிருந்து குறைவான பலன் கிடைத்ததும் அதற்குத்தான். மாணவரையே திருத்த வைக்கும் கேள்விகள் நன்றாக வேலை செய்தன. பெரியவர்களிடமும் நான் அதைத்தான் பார்க்கிறேன். ஆனால் ஒருவர் கதை சொல்லிக்கொண்டிருக்கும்போது குறுக்கிடாதீர்கள். குறித்து வைத்துக்கொண்டு, அவர் முடித்த பிறகு கேளுங்கள்.

அப்புறம், என்ன பேச வைப்பது? பாடநூலில் வரும் சந்தை உரையாடல் அவர்களுக்கு எதற்கு? பசார் மாலாம் என்ற இரவுச் சந்தையையும் அரசாங்க கிளினிக்கையும் மலாயிலேயே முடித்துவிடுவார்கள். மலாய் போதாத இடம் எது என்று கேளுங்கள். தனியார் மருத்துவமனை நிபுணரிடம் பேசுவது, ஆங்கிலத்தில் வரும் காப்புறுதிக் கடிதம் என்று வரும். “பேரன் என்கிட்ட இங்கிலீஷ்லதான் பேசுறான் டீச்சர்” என்று ஒருவர் சொன்னதை நான் மறக்கவே இல்லை. அந்த வாரம் முழுக்க, பேரனைச் சாப்பிட அழைப்பதுதான் எங்கள் பாடம்.

சரளம் வர ஒரு பயிற்சி: ஒரே கதையை மூன்று பேரிடம் அடுத்தடுத்துச் சொல்வது, முதலில் 4 நிமிடம், பிறகு 3, பிறகு 2. மொழியியலாளர் பால் நேஷன் இதைப் பரவலாக்கினார். தொடக்கநிலைக்கு 4 நிமிடம் நீளம். ஒன்றரை, ஒன்று, முக்கால் நிமிடம் என்று குறைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை சொல்லும்போது தயக்கம் குறைவது கண்ணுக்கே தெரியும்.

உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்ள முதல் சில வாரங்கள் விடலாம், அதற்கு மேல் வேண்டாம். முதுகு, பை, பொட்டலம் கட்டுதல் மூன்றுக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைத் தமிழில் எழுதிப் பாருங்கள். மூன்றுமே ‘பேக்’ தான்.

சரி, நின்றுபோன அந்த 3 பேருக்கும் இந்த வாரமே போன் செய்யுங்கள். விதியை எடுத்துவிட்டேன் என்று சொல்லி, அடுத்த வகுப்பில் என்ன பேசப் பழக ஆசை என்று கேளுங்கள். தமிழிலேயே கேளுங்கள்.